நாலு பேர் உட்காரும் ஆசாரம்

தெய்வாத்தாளுக்குக் கோபம் வந்திருக்கிறது என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியும்படி அவள் கோபப்பட்டதும் இல்லை. மனசு நிறைந்து சொன்னாலும் "செரிங்க"தான், வயிறு எரிந்து சொன்னாலும் "செரிங்க"தான். இரண்டுக்கும் ஒரே ங்க. அப்படியிருக்கப் பாலுசாமிக்கு எப்படித் தெரியும்? கொட்டகையில் ஒரு கோழி இருமினால் வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் மனிதர். பெண்டாட்டி பெருமூச்சு விட்டால் மட்டும் வெளியே காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

பல்லடத்துக்குத் தெற்கே, ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. வீட்டை ஒட்டிக் கோழிப்பண்ணை. சில வருசத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம் வெயில் தாங்காமல் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அன்றைக்குப் பாலுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெயிலுக்குள் கொட்டகையை நாலு பக்கமும் அடைத்து, ஒரு கோடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும் அட்டைச் சுவரும் மறுகோடியில் ஆளுயரக் காற்றாடிகளும் வைத்துவிட்டார். வெளியே தார் இளகும் வெயில் அடிக்கும்போது உள்ளே மார்கழி மாதம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும். ஜெனரேட்டர் ஓடவில்லை என்றால் பாலுசாமி தானாக ஓடுவார்.

வீட்டுக்குள் கதையே வேறு. ஆசாரத்தில் ஒரு மின்விசிறி. ஹால் என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் அங்கே ஆசாரம் என்பார்கள். படுக்கிற அறைகளில் ஆளுக்கொன்று. சமையற்கட்டில் அதுவும் கிடையாது, அடுப்பு அணைந்துவிடுமாம். புகையையும் சூட்டையும் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு எக்சாஸ்ட் ஃபேனாவது போடச் சொல்லித் தெய்வாத்தாள் கேட்டாள். "போட்டுக்கலாம் அம்மிணி, இந்த பேட்ச் கோழி போகட்டும்" என்றார். கோழி போயிற்று. புதுக் குஞ்சு வந்தது. அதுவும் வளர்ந்து போயிற்று. அவர் மறந்துபோனார். அவளும் "பரவால்லீங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அதற்கப்புறம் மத்தியானம் தீவனத் தட்டைப் பார்க்கிற சாக்கில் கொட்டகைக்குள் போய், ஈர அட்டை ஓரமாக நின்று முந்தானையை விசிறிக்கொள்வாள். அந்தத் தோட்டத்தில் அவளுக்கென்று குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான், அதுவும் கோழிகள் புண்ணியத்தில்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏசி வாங்குகிற யோசனை வந்தது மகன் சரவணன் கல்யாணத்தால். பையனுக்கு முப்பது தாண்டியாயிற்று. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையாத ஊர் இல்லை. "கோழிப்பண்ணைன்னாவே பொண்ணூட்டுக்காரங்க மூக்கப் புடிச்சுக்கறாங்க" என்று தரகர் கையை விரிப்பார். கடைசியில் அன்னூர்ப் பக்கம் சாய்ப்ரியா என்று ஒரு பெண் அமைந்தது. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இவர்கள் போய்ப் பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அடுத்தது பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீடு பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சொன்ன கையோடு தரகர் பாலுசாமியைப் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஊட்டுல ஏசி இருக்குதுங்களான்னு கேட்டாங்க. நான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டனுங்க. அவங்க வாரதுக்குள்ள எப்பிடியாச்சும் மாட்டிப்போடுங்க."

கேட்டதும் தெய்வாத்தாளுக்குச் சந்தோசம்தான். வருகிற பெண்ணாவது வெந்து சாகாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஏசி ஆசாரத்துக்கு வந்தால் மத்தியானம் தானும் ஒரு மூலையில் காலை நீட்டி உட்காரலாம் என்றும் நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. பச்சைப் பட்டுக்கரைப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். மூன்று பேருமாகக் காந்திபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள்.

கடையில் சுவர் முழுக்க வெள்ளைப் பெட்டிகள். இனியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் சிரித்த முகமாக வந்தாள்.

"எந்த ரூமுக்குங்க சார்?"

"ஆசாரத்துக்குங்க அம்மிணி. பதினாலுக்குப் பதினெட்டு."

"மேக்கால வெயில் படுமுங்களா?"

"பொழுதன்னைக்கும் படும்."

"ரூம்ல எத்தனை பேர் இருப்பீங்க சார்? அதையும் சொன்னா எத்தனை டன் வேணும்னு பாத்துரலாம். ஆள் ஒடம்புச் சூடும் கணக்குல வருமுங்க."

பாலுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தெரிந்த பாடத்திலிருந்து கேள்வி வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, இது நம்ம பண்ணைக் கணக்கேதான்! கோழிக்கும் இப்பிடித்தான் பாக்கோணும் அம்மிணி. தலைக் கணக்கு, கிலோக் கணக்கு ரெண்டும் வேணும். ஒரு கோழி வுட்டுப்போகப்படாது. வுட்டுப்போச்சுன்னு வெய்யி, அது வுடற சூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நீங்களே எண்ணிச் சொல்லுங்க சார்" என்றாள் இனியா.

பாலுசாமி விரலை மடக்கினார். "நானு ஒண்ணு. பையன் ரெண்டு. எந்தம்பி தெனமும் சாயங்காலமா வந்து உக்காருவான், மூணு. கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் வந்தா அங்கதான் உக்கார வெக்கோணும், நாலு. நாலு பேருக்குப் போட்டுக்குங்க."

தெய்வாத்தாள் அவருக்கு ஒட்டினாற்போல் அடுத்த நாற்காலியில் இருந்தாள். அவர் மடக்கிய சுண்டுவிரல் அவள் முழங்கையில் இடித்தது. அத்தனை பக்கத்தில் இருந்தாள்.

இனியாதான் அவளைப் பார்த்தாள். "அம்மா?"

"அவ சமையக்கட்டுல இருப்பா" என்றார் பாலுசாமி, சாதாரணமாக. பிரிட்ஜ் எங்கே இருக்கும் என்று கேட்டாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

சரவணன் பக்கத்தில் நின்று போனில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை நட்சத்திரம் என்று தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழாமல் இருந்திருக்காது. தலையை நிமிர்த்தவில்லை. "அப்பா, இன்வெர்ட்டர் மாடலாப் பாத்து எடுத்துக்கலாம், கரண்ட் பில் கம்மியாகும்" என்றான்.

தெய்வாத்தாளுக்கு உள்ளங்காலில் பிடித்த சூடு உச்சந்தலைவரை ஏறியது. ஊரான் எண்ணாமல் விட்டால் விடட்டும். மாதத்துக்கு ஒருமுறை வந்து கோழியை எடை போட்டுவிட்டுப் போகிற சூப்பர்வைசருக்கு ஒரு விரல் இருக்கிறது. கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்தில் தனிக்குடித்தனம் இருக்கிற கொழுந்தனுக்கு ஒரு விரல் இருக்கிறது. அந்த வீட்டில் விடியக் கருக்கலில் எழுந்து ராத்திரி கடைசியாகப் படுக்கிறவளுக்கு அந்தக் கையில் ஒரு விரல் இல்லை. கட்டை விரல் மடங்காமல் சும்மாதானே நின்றுகொண்டிருந்தது!

அதற்கடுத்து இன்னொன்றும் உறைத்தது. சாய்ப்ரியா? எந்தப் பெண்ணுக்காக இந்தப் பெட்டியை வாங்க வந்தார்களோ அந்தப் பெண்ணையும் அவர் எண்ணவில்லை. அவளும் வந்தால் எங்கே இருப்பாள் என்று அவர் மனசில் ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"அம்மா, ஒன்றரை டன் போதுமுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று இனியா அவளிடமே கேட்டாள். நல்ல பெண். கணவனும் மகனும் திரும்பிப் பார்த்தார்கள். தெய்வாத்தாள் வாயைத் திறந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் திறந்தாள். வாய் அதன் பாட்டுக்கு "செரிங்க" என்றது.

வீடு வரும்வரை கார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கணவன்மேல் பாதிக் கோபம், மகன்மேல் கால், மீதி தன் வாயின்மேல்.

வெள்ளிக்கிழமை ஏசி மாட்ட உக்கடத்திலிருந்து சுஃப்யான் என்ற மெக்கானிக் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே மாட்டுகிற பெட்டிக்கு இடம் பார்ப்பதில் சிரமமில்லை. சோபாவுக்கு எதிர்ச்சுவரில் வைத்தால் வருகிறவர்கள் முகத்தில் நேராகக் காற்று வரும் என்று பாலுசாமி சொல்லிவிட்டார். வெளியே வைக்கிற பெரிய பெட்டிக்குத்தான் இடம் அமையவில்லை.

"முன்னால வாசப்பக்கம் வெச்சா பைப்பு கம்மியாப் போகுமுங்க" என்றான் சுஃப்யான்.

"வேண்டாம் தம்பி, ஒறம்பரைச் சனம் வந்து எறங்கறப்ப மூஞ்சிக்கு நேரா அந்தப் பொட்டி நின்னா நல்லாவா இருக்கும்?"

"மொட்டை மாடிங்க?"

"அங்க வெயிலு பிச்செடுக்குமே. மெசினு கெட்டுப்போகாதா?"

பின்னால் பொடக்காளிப் பக்கம் போனார்கள். ஆசாரமும் சமையற்கட்டும் பக்கம் பக்கமாக ஒரே சுவரை முதுகாகக் கொண்டவை. அந்தச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இரண்டு ஆள் நடக்கிற சந்து. வேப்பமர நிழல் விழுகிறது. பாலுசாமி சமையற்கட்டுச் சன்னலுக்குக் கீழே காட்டி, "இங்க வெச்சுப்போடு, நெழலு இருக்குது" என்றார்.

சுஃப்யான் சன்னலையும் காம்பவுண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "வெக்கலாமுங்க சார். ஆனா இது பூராச் சூட்டுக் காத்துத் தள்ளும். அது காம்பவுண்டுல மோதித் திரும்பி இந்தச் சன்னலுக்குத்தான் வரும்."

"அது சமையக்கட்டுத்தானே தம்பி. எப்பவும் சூடாத்தான் இருக்குது. கூடக் கொஞ்சம் சேந்தாத் தெரியவா போகுது?"

சன்னலுக்கு உள்ளே தெய்வாத்தாள் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். மத்து நின்றது. ஈரக் கையோடு பொடக்காளிக்கு வந்தாள்.

"ஏனுங்க, இங்க வேண்டாமுங்க."

"வேற எங்க வெக்கிறது? நீயே சொல்லு."

"மாடில வெய்யுங்க."

"மெசினுக்கு வெயிலு ஆகாது அம்மிணி."

"எனக்கு மட்டும் ஆகுமுங்களா?"

இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டு அவர் கேட்டதில்லை. கொஞ்சம் திகைத்துவிட்டுச் சிரித்தார். "என்ன அம்மிணி, இன்னைக்குக் கொழம்புல காரம் சாஸ்தியா?"

"கடைல அந்தப் புள்ள எத்தனை பேருன்னு கேட்டப்ப நாலுன்னு சொன்னீங்க. அதுல நான் எத்தனாவதுங்க?"

"அட, நாலு பேருன்னா அது கணக்கா? நாலு பேரு வந்து போற எடம், நாலு பேரு பாக்கற எடமுன்னு சொல்றதில்லையா? ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"கோழிய மட்டும் நீங்க பேச்சுக்கு எண்ணறதில்லீங்களே."

பாலுசாமி சுஃப்யான் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தயா தம்பி, எங்கூட்டம்மிணிக்குக் கோழிமேல பொறாமை!" சுஃப்யான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி சிரித்தான். கூட வந்த ஆள் முழுதாகவே சிரித்துவிட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, கேட்டவளைச் சிரிப்பாக்கியாயிற்று. தெய்வாத்தாளுக்குக் கண் கலங்கியது, அழுகையினால் அல்ல.

சத்தம் கேட்டுச் சரவணன் வந்தான். அவன் ஒருவன் இருக்கிறானே என்று அவனைப் பார்த்தாள். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் தோளில் கை வைத்தான். "அம்மா, ஞாயித்துக்கெழமை வரைக்கும் அனுசரிச்சுக்கம்மா. நல்லபடியா முடியட்டும். அப்பறமா மாத்திக்கலாம்."

அந்த அப்பறம் எந்த அப்பறம் என்று அவளுக்குத் தெரியும். எக்சாஸ்ட் ஃபேன் போய் உட்கார்ந்திருக்கிற அதே அப்பறம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். இந்தத் தடவை "பரவால்லீங்க" என்று அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. சொன்னதாகவே எடுத்துக்கொண்டு சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். மிஷின் சத்தத்தில் தட்டு, டம்ளர் எல்லாம் அதிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலிருந்தே ஆசாரத்தின் சன்னல்களை எல்லாம் அடைத்து ஏசியைப் போட்டுவிட்டார் பாலுசாமி. பெண் வீட்டார் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். சாய்ப்ரியாவின் அப்பா, சித்தப்பா, மாமன், பெண்களில் அவள் அம்மா ராசாத்தாளும் இன்னும் இருவரும். தெய்வாத்தாள் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கும்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், உடனே சமையற்கட்டுக்கு வந்துவிட்டாள். சந்தகை செய்வதாகச் சொல்லியிருந்தாள். வெந்த அரிசிமாவு உருண்டைகளைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறினால் நூல் இறங்காது. அடுப்பில் ஒரு பக்கம் ஆவி, ஒரு பக்கம் தேங்காய்ப்பால்.

சன்னலைச் சாத்தினால் ஆவி அடைத்து மூச்சு முட்டியது. திறந்தால் அந்தப் பெட்டி கொதிக்கக் கொதிக்க மூஞ்சியில் ஊதியது. திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் வேர்வை இறங்கி எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"நல்லாக் குளுகுளுன்னு இருக்குதுங்க."

"ஒன்றரை டன்னுங்க. கணக்குப் போட்டுத்தான் வாங்கினமுங்க" என்று பாலுசாமி குரல்.

கணக்கு! தெய்வாத்தாள் அச்சின் கைப்பிடியை அமுக்கிய அமுக்கில் மாவு ஒரே மூச்சில் இறங்கியது. அந்த நேரம் ராசாத்தாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, ஒத்தையில பாடுபடறீங்களே. நானும் ஒரு கை புடிக்கறேன்."

"வேண்டாமுங்க, நீங்க போய் உக்காருங்க."

"அட, என்னுங்க. கொண்டாங்க இக்கட்டால."

ராசாத்தாள் அச்சின் மறுபிடியைப் பிடித்தாள். இரண்டு ஈடு பிழிவதற்குள் அவள் முகமெல்லாம் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. சன்னல் பக்கம் திரும்பியவள் சட்டென்று பின்வாங்கினாள். "என்னுங்க இது, நெருப்பாட்டம் அடிக்குது?"

பரவால்லீங்க, பழகிப்போச்சுங்க.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் போதும். ராசாத்தாள் அவளை நல்ல பொறுமைசாலி என்று நினைப்பாள், சந்தகை சாப்பிடுவார்கள், பேச்சு முடியும், பையனுக்குக் கல்யாணமாகும். கதவிடுக்கு வழியாகச் சரவணன் தெரிந்தான். புதுச் சட்டை போட்டு, வாரிய தலையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பெரியவர்கள் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான். எத்தனை பேர் அவனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒன்றும் நடக்காத மாதிரி கொட்டகைக்குப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். இதுவும் தட்டிப்போனால் அந்த முகத்தை மறுபடி எப்படிப் பார்ப்பது?

ஆனால் இந்தச் சன்னலுக்கு நேராகத்தான் அந்தப் பெண் வந்து நிற்கப்போகிறாள். அவளும் "பரவால்லீங்க" சொல்லப் பழகுவாள். அவளை அதற்குப் பழக்குகிற மாமியாராகத் தான்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். அதை நினைத்ததும் மற்றப் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்துவிட்டது.

"அது ஆசாரத்துச் சூடுங்க" என்றாள். "அங்க இருந்து எடுத்து இங்க ஊதுது. வேண்டாமுன்னு சொன்னனுங்க, கேக்கலீங்க."

ராசாத்தாள் அச்சை விட்டுவிட்டாள்.

"கடைல எத்தனை பேருக்கு ஏசின்னு கேட்டாங்க. நாலு பேருக்குன்னு விரல மடக்கிச் சொன்னாருங்க. அவரு, பையன், கொழுந்தனாரு, கோழிக் கம்பெனிக்காரரு. அதுல நான் இல்லீங்க."

"எம் பொண்ணு?"

"அவளும் இல்லீங்க."

தேங்காய்ப்பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தெய்வாத்தாள் அதை இறக்கி வைத்தாள். ராசாத்தாள் வழிகிற வேர்வையைத் துடைக்காமல் அப்படியே எழுந்து ஆசாரத்துக்குப் போய், நடுவில் நின்றாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் பாலுசாமியிடம்.

"கேளுங்க அம்மிணி, கேளுங்க."

"எம் பொண்ணு இங்க வாழ வந்தா, இந்தச் செவுத்துக்கு இக்கட்டால இருப்பாளுங்களா, அக்கட்டால இருப்பாளுங்களா?"

பாலுசாமிக்குப் புரியவில்லை. "எல்லாப் பக்கமும் அவ ஊடுதானுங்களே" என்று சிரித்தார்.

"அக்கட்டால போயிச் சன்னலுக்கு நேரா நின்னு பாத்துட்டு வாங்கண்ணா. பொறவு சொல்லுங்க."

பெண்ணைக் கொடுக்க வந்தவள் வாயில் வந்த வார்த்தை. மறுக்க முடியுமா? பாலுசாமி எழுந்து சமையற்கட்டுக்கு வந்தார். சன்னலுக்கு நேராக நின்றார். தெய்வாத்தாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த உருண்டையை அச்சில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அவர் முதுகில் நனைந்து ஒட்ட அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு தடவை செருமினார். கிளம்பலாமா இன்னும் நிற்கவேண்டுமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆசாரத்துக்குத் திரும்பினார்.

"மாத்திப்போடறனுங்க. இன்னைக்கே மாத்திப்போடறனுங்க."

"மாத்திப்போட்டுச் சொல்லியனுப்புங்கண்ணா. மத்ததப் பொறவு பேசிக்கலாமுங்க" என்றாள் ராசாத்தாள். அவள் குரலில் ஒரு துளி மரியாதை குறையவில்லை. எல்லோரும் உட்கார்ந்து சந்தகை சாப்பிட்டார்கள். சந்தகை அருமை என்று சொன்னார்கள். போகும்போது ராசாத்தாள் தெய்வாத்தாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "வாரமுங்க" என்றாள். அன்றைக்கே தேதி குறித்துவிடுவார்கள் என்று பாலுசாமி நினைத்திருந்தார். தாம்பூலம் மாற்ற எடுத்து வைத்த வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது.

கார் ரோட்டுக்கு ஏறுவதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

"தம்பி சுஃப்யானு, அந்த வெளிப்பொட்டிய எடுத்து மாடில வெச்சுப்போடோணும். வெயிலா? மேல ஒரு தகரம் போட்டுக்கலாம். பைப்பு நீளமானா ஆகட்டும். சமையக்கட்டுக்கு எக்சாஸ்ட்டு ஒண்ணும் சேத்துக் கொண்டா. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துரு."

சமையற்கட்டு வாசலில் நின்று தெய்வாத்தாள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். தகரம் போடலாம். பைப் நீளமாகலாம். எக்சாஸ்ட் வாங்கலாம். எல்லாமே முடிகிற காரியம்தான். ஒரு போன், ஒரு மூச்சுப் பேச்சு. முந்தாநாள் அவள் கேட்டபோது முடியாமல் போனதும், இத்தனை வருசம் கேட்டபோது முடியாமல் போனதும் இதுதானா? உறவுகூட இன்னும் ஆகாத ஒருத்தி வந்து ஒரே ஒரு தடவை கேட்டாள், நடந்துவிட்டது. அவள் பெண்ணைக் கொடுக்கிறவள். இவள் என்ன, ஏற்கெனவே கொடுக்கப்பட்டவள்தானே! கோபம் தணிந்துவிடும் என்று அவளே நினைத்திருந்தாள். இப்போதுதான் அது கொதிநிலைக்கே வந்தது.

சரவணன் உள்ளே வந்தான். முகம் வெளிறியிருந்தது. "ஏம்மா அவங்ககிட்டப் போயி அதையெல்லாம் சொன்னே? வேண்டாமுன்னு எந்திரிச்சுப் போயிருந்தா?"

"போயிருந்தாப் போகட்டும் கண்ணு. ஒரு புள்ளையக் கொண்டாந்து இங்க நிக்க வெக்கிறதுக்கு அது தேவலை. கடைல உங்கப்பன் எண்ணறப்ப நீ பக்கத்துலதானே நின்னே? ஒரு வார்த்தை சொன்னயா நீயி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடுப்பை அணைத்தாள். எச்சில் தட்டுகள் தொட்டியில் குவிந்து கிடந்தன. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஆசாரத்துக்குப் போனாள். சோபாவில் நட்டநடுவில், பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வேர்த்த கழுத்தில் குளிர்காற்று பட்டது. உடம்பு சிலிர்த்தது. சுகமாகத்தான் இருந்தது, அதுவும் கோபத்தைக் கூட்டியது.

பாலுசாமி வந்து எதிரே நின்றார். எப்போதும் அவர் உட்காருகிற இடத்தில் அவள் இருந்தாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை. அவள் முகத்தை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"பொழுதோட வந்து மாத்திப்போடுவான். எக்சாஸ்ட்டும் சொல்லியாச்சு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இப்ப செரிதானே அம்மிணி?" என்று கேட்டார்.

வாயில் அந்தப் பழைய வார்த்தை தயாராக இருந்தது. தெய்வாத்தாள் அதை விழுங்கினாள்.

"இல்லே" என்றாள்.

மீதி இருக்கிற "ங்க"வும் வரும் என்று பாலுசாமி காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை.